பரணுக்குப் போன பாட்டுப் பெட்டிகள்

“எத்தனை வாட்ஸ்?” பாட்டுப் பெட்டி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது இதைத்தான். சங்கரன்கோவில் ரத வீதியானாலும் சென்னை ரிச்சி தெருவானாலும் கேள்வி மாறுவதில்லை. கடைக்காரரும் அட்டைப் பெட்டியைத் திருப்பிக் காட்டுவார். 5,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதே சாமானின் முதுகில் 1 ஆம்பியர் பியூஸ் இருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பெருக்கிப் பார்த்தால், 230 வாட்டுக்கு மேல் தொடர்ந்து இழுத்தால் அந்த பியூஸ் தாங்காது. உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால் வெளியே 5,000 எங்கிருந்து வரும்? பி.எம்.பி.ஓ. என்பது எந்த ஒழுங்கான அளவைக்கும் கட்டுப்படாத விளம்பர எண்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு வாட் மின்சாரம் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி வைத்து அளந்தால் ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் தருகிறது? சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த இன்றைய ஸ்பீக்கர் 85 தரலாம். இலேசான காகிதக் கோன் போட்ட பழைய பெரிய ஸ்பீக்கர் 92 தரும். ஏழு டெசிபல் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது மூன்று டெசிபல் மட்டுமே. ஏழு டெசிபலை ஈடுகட்ட ஐந்து மடங்கு மின்சாரம் வேண்டும். 92 தருகிற ஸ்பீக்கரில் 4 வாட் போதுமென்றால், 85 தருவதற்கு 20 வாட் கொடுத்தால்தான் அதே சத்தம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஒரு வாட்டே தாராளம்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பரண்களையும் பழைய இரும்புக் கடைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தால், மதிப்பில்லாமல் ஒதுக்கப்பட்ட பல சாமான்கள் இன்றைய வீட்டுக்கு நன்றாகப் பொருந்துவதைக் காணலாம். எல்லாமே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றை ஒதுக்கியதில் நியாயம் உண்டு.

சங்கரன்கோவிலை வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இது விசைத்தறி ஊர். தறிக்கூடத்தில் நாள் முழுக்க நிற்பவரின் காது என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்று நம் தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன. தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் அந்த வரம்பு நிற்பது அரிது. இரைச்சலால் வரும் காது மந்தம் முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஆரம்பிக்கிறது. பேச்சில் ச, த, ட, ற போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே தறியிலிருந்து வீடு திரும்பியவருக்குப் பாட்டுச் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. அவர் சத்தத்தைக் கூட்டுவார். இன்றைய பெட்டிகளோ கூட்டக் கூட்ட ‘பேஸ்’தான் ஊதிப் பெருகும்படி செய்யப்பட்டவை, பாடகரின் குரல் அதற்கடியில் அமுங்கிப் போகும். நம் வீடுகளுக்குத் தேவை நடுத்தர ஒலிகளைத் தெளிவாகத் தருகிற, குறைந்த சத்தத்திலேயே சொல் விளங்குகிற சாமான். கீழே வருகிறவற்றை எல்லாம் அந்த ஒரு அளவுகோலில்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் வால்வு ரேடியோ. மர்பி, பிலிப்ஸ், புஷ், எச்.எம்.வி., நேஷனல் எக்கோ என்று மரப் பெட்டியில் வந்தவை. தென்மாவட்ட வீடுகளில் இவை நுழைந்ததற்கு இலங்கை வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. 1952-இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானபின் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் அருகிப் போனது. கொழும்பில் 1950-லேயே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியிருந்தது. பாட்டுப் பசியோடிருந்தவர்கள் அந்தப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957-இல் விவித் பாரதி வந்தது. திருநெல்வேலி நிலையம் 1963 டிசம்பர் 1-ஆம் தேதி ஒலிக்கத் தொடங்கியது. ரேடியோ வைத்திருக்கத் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டிய காலம் அது.

அந்தப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றினால் ஒலி ஏன் அப்படி இருந்தது என்பது புரியும். கடைசி வால்வு பெரும்பாலும் ஈ.எல். 84, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் வானொலி வால்வுகளைத் தயாரித்தது. ஒற்றை வால்வு நாலைந்து வாட் கொடுக்கும், அவ்வளவுதான். ஆனால் ஸ்பீக்கர் பெரியது, கோன் இலேசானது, முதுகுப் பக்கம் திறந்தபடி இருப்பதால் பெட்டிக்குள் காற்று அடைபட்டு இறுகுவதில்லை. ஆழமான பேஸ் அதில் வராது. டி.எம். சௌந்தரராஜன் குரலும் பி. சுசீலா குரலும் எதிரே உட்கார்ந்து பாடுவதுபோல் வரும். அந்தப் பாடல்கள் ஒற்றைத் தடத்தில், அதாவது மோனோவில் பதிவானவை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1978-இல் வந்த ‘பிரியா’தான் ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப் படம் என்பது பொதுவான கணக்கு. அதற்கு முந்தைய பாடல்களைக் கேட்க இரண்டு ஸ்பீக்கரே வேண்டாம். நல்லது ஒன்று போதும்.

ரேடியோவாக அது இன்று அவ்வளவு உதவாது. பிரசார் பாரதி மத்திய அலை ஒலிபரப்பிகளை ஒவ்வொன்றாகக் குறைத்து வருகிறது. மிச்சமிருக்கும் நிலையங்களையும் எல்.இ.டி. பல்புக்குள் இருக்கும் டிரைவரும் செல்போன் சார்ஜரும் எழுப்பும் கரகரப்பு விழுங்கிவிடுகிறது. ஆனால் பின்பக்கம் ‘பிக்கப்’ என்றோ, சிறிய இசைத்தட்டுப் படம் போட்டோ இரண்டு துளைகள் இருக்கும். கிராமபோன் ஊசியிலிருந்து வரும் ஒலியைக் கொடுப்பதற்காக வைத்தவை. இன்று செல்போனிலிருந்தோ டிவிடி பிளேயரிலிருந்தோ வரும் ஒயரை அங்கே செருகினால் ரேடியோ ஒரு முழுமையான வால்வு ஆம்ப்ளிஃபயராகிவிடும். இதற்காகப் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வெளிநாட்டு வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு, இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. யு.சி.எச். 81, யு.எல். 84 என்று ‘யு’வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் அந்தப் பெட்டியில் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. இரும்புச் சட்டத்திலேயே மின்சாரம் ஓடும். அதில் செல்போனை ஒருபோதும் மாட்டக் கூடாது. ‘ஈ’யில் தொடங்கும் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டபிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். இரண்டாவது, பல வருடம் பரணில் கிடந்ததை நேராக பிளக்கில் செருகக் கூடாது. பழைய மெக்கானிக்குகள் சீரிஸ் லேம்ப் போட்டுத்தான் சோதிப்பார்கள்: 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து அதன் வழியாக மின்சாரம் கொடுப்பது. பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் பெட்டி பிழைத்தது. மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். பெரும்பாலும் காகிதக் கண்டன்சர்கள் கசிந்திருக்கும், மின்பகு கண்டன்சர்கள் காய்ந்திருக்கும். அவற்றை மாற்ற ஆகும் செலவு பெரிதில்லை. மாற்றத் தெரிந்த கைதான் குறைந்துகொண்டே வருகிறது.

அடுத்தது, யாரும் ஒலிச்சாதனம் என்று மதிக்காத மண்பானை. எழுபது, எண்பதுகளில் தமிழ்நாட்டு டீக்கடைகளிலும் சலூன்களிலும் வீட்டு மூலைகளிலும் பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்திருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்டி செய்யக் காசில்லாதவர்களின் வேலை என்று அதைத் தள்ளிவிட்டோம். இந்தப் பட்டியலில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் காற்று இழுபடுகிறது. முன்னால் வரும் அலையும் பின்னால் வரும் அலையும் எதிரெதிர். வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக் கேட்டால் தாழ்ந்த ஒலிகளில் இரண்டும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். தகரச் சத்தம்தான் மிஞ்சும். பின் அலையை அடைத்து வைப்பதே பெட்டியின் வேலை. நல்ல பெட்டிக்குச் சுவர் அதிரக் கூடாது, எதிரெதிர்ச் சுவர்கள் இணையாக இருக்கக் கூடாது. மெல்லிய பிளைவுட்டிலும் பிளாஸ்டிக்கிலும் இந்த இரண்டு குறையும் உண்டு. சுட்ட மண்பானையில் இரண்டுமே இல்லை: சுவர் வளைந்திருக்கிறது, வளைந்ததாலேயே விறைப்பாக இருக்கிறது, எந்த இரண்டு பக்கமும் இணையில்லை. கோள வடிவப் பெட்டியை உலகத்தின் விலையுயர்ந்த ஸ்பீக்கர் நிறுவனங்கள் சில இன்றும் செய்கின்றன.

இந்த மண்ணுக்கு இது புதிதுமில்லை. வில்லுப்பாட்டின் அடித்தொனி குடத்திலிருந்து வருகிறது. வில்லின் மணிகளும் உடுக்கையும் மேல் ஒலிகளைக் கொடுக்க, குடத்தின் வாயை அகலமான மட்டையால் அடிக்கும்போது எழும் கனத்த ஒலி பாட்டைத் தாங்குகிறது. நெல்லைச் சீமையின் சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்து, 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் மேடை மேடையாகக் கொண்டுபோனது அந்த ஒலியைத்தான். நாதஸ்வர மேதை அருணாசலத்தால் பேர்பெற்ற காருகுறிச்சி, மண்பாண்டத்துக்கும் பேர்பெற்ற ஊர். மானாமதுரைக் கடம் இன்றும் கச்சேரி மேடைகளுக்குப் போகிறது. மண்ணின் ஒலி தெரிந்த வட்டாரம் இது.

செய்முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஆறு அங்குல ஸ்பீக்கர் ஒன்று, பத்துப் பதினைந்து லிட்டர் பிடிக்கும் பானை ஒன்று. பானையை விரலால் சுண்டிப் பார்த்து வாங்க வேண்டும். கீறல் இருந்தால் மொத்தையாக ஒலிக்கும். பானையின் விளிம்பு கையால் வனைந்தது, ஒரு சீராக இருக்காது. ஸ்பீக்கரின் இரும்பு வளையத்துக்கும் விளிம்புக்கும் இடையே இடைவெளி விழும். அந்த இடைவெளி வழியாகப் பின் அலை தப்பினால் பட்ட பாடெல்லாம் வீண். பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி விளிம்பில் ஒட்டி, அதன்மேல் ஸ்பீக்கரை அழுத்தி உட்கார வைத்தால் அடைபடும். ஒயருக்காகப் பானையில் துளை போட்டால் விரியும். விளிம்போரமாக ஒயரை எடுத்து அந்த இடத்தை எம்-சீல் வைத்து மூடிவிடலாம். மூடுவதற்கு முன் உள்ளே பஞ்சு. திணிக்கக் கூடாது, உதறிப் பிரித்துப் பாதியளவு நிரப்பினால் போதும். பஞ்சு போடாத பானையில் ஆண் குரல்கள் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். போட்டபிறகு அந்த முழக்கம் அடங்கும்.

பழைய டீக்கடைகளில் செய்த ஒரே தவறு, பானையை நிமிர்த்தி வைத்து ஸ்பீக்கரை வானம் பார்க்க விட்டது. உயர்ந்த ஒலிகள் நேர்கோட்டில் போகிறவை. கூரைக்குப் போய் முட்டித் திரும்பும்போது சொல் மழுங்கிவிடும். பானையைப் படுக்க வைத்து, பிரிமணையில் உட்கார்த்தி, வாய் கேட்பவரின் முகத்தைப் பார்க்கும்படி திருப்ப வேண்டும். இந்த ஒரு மாற்றம் செய்யும் வித்தியாசத்தை எந்த வாட்ஸும் செய்யாது.

பானையோடு அறையையும் பேசியாக வேண்டும். இன்றைய கான்கிரீட் வீட்டில் மேலே தளம், கீழே டைல்ஸ், நான்கு பக்கமும் வழவழப்பான பூச்சு; ஒலி எங்கும் உறிஞ்சப்படாமல் முட்டி முட்டித் திரும்புகிறது. பத்தடி நீள அறையில் 56 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி இரு சுவர்களுக்கிடையே நின்று முழங்கும். அறை பத்துக்குப் பத்தாக இருந்தால் அதே முழக்கம் இரட்டிப்பாகும். அதனால்தான் கடையில் நன்றாகக் கேட்ட ஊஃபர் வீட்டுக்கு வந்ததும் ‘தம் தம்’ என்று நெஞ்சில் இடிக்கிறது. பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. மூலையிலிருந்து ஸ்பீக்கரை இரண்டடி வெளியே இழுத்து வைத்தால் பாதி சரியாகும். எதிர்ச் சுவரோரம் பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினாலும் கனத்த ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டாலும் எதிரொலி குறையும். நூலும் துணியும் அடுக்கிக் கிடக்கும் நெசவுக்காரர் வீட்டு முன்னறைக்கு இந்த நன்மை கேட்காமலே கிடைத்திருக்கிறது.

பானைக்கு மின்சாரம் கொடுக்க ஆம்ப்ளிஃபயர் வேண்டும். உள்ளூர் மெக்கானிக் அசெம்பிள் செய்து கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரை ‘லோக்கல்’ என்று முகம் சுளிப்பது நியாயமில்லை. இரும்புச் சட்டத்துக்குள் கனமான டிரான்ஸ்ஃபார்மர், அலுமினியத் தகட்டில் திருகிய ஒரு ஐசி அல்லது ஒரு ஜோடி 2என்3055 டிரான்சிஸ்டர். எல்.ஏ. 4440 ஐசி 12 வோல்ட்டில் பக்கத்துக்கு 6 வாட் நேர்மையாகத் தரும். டி.டி.ஏ. 2030 அதைவிட நயமாக ஒலிக்கும். தரம் பார்க்க எளிய வழி டிரான்ஸ்ஃபார்மரைப் பார்ப்பது. 12-0-12, 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால் மொத்தமே 48 வாட் கணக்குத்தான். அதற்குமேல் எவர் எவ்வளவு எழுதினாலும் நம்ப வேண்டாம். இந்தப் பெட்டிகளின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. மின்னல் வெட்டியோ வோல்டேஜ் ஏறியோ ஐசி போனால், அதே தெருவில் அதே நாளில் சில நூறு ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம். சவுண்டுபார் ஒன்று பழுதானால் போர்டு கிடைக்காது, முழுப் பெட்டியையும் குப்பையில் போடச் சொல்வார்கள். பழுது பார்க்க முடிவது என்பதை ஒலித்தரத்தின் ஒரு பகுதியாகவே நான் எண்ணுகிறேன். பாடாத பெட்டிக்கு எந்தத் தரமும் இல்லை.

பாட்டு வரும் வழிக்கு இரண்டு சாமான்களைச் சொல்வேன். ஒன்று டிவிடி பிளேயர். இரும்புக் கடையில் எடைக்குக் கிடக்கிறது. லென்ஸைத் துடைத்தால் பல இன்னும் ஓடும். பென்டிரைவ் துளை உள்ளதில் பாட்டுக் கோப்புகளும் ஓடும். புளூடூத்தில் ஒலி சுருக்கப்பட்டு வருகிறது, இதில் சிவப்பு வெள்ளை ஒயர் வழியாகச் சுருங்காமல் வருகிறது. இன்னொன்று டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் தொடங்கிய இந்த இலவச டிடிஎச்சில் தொலைக்காட்சி அலைவரிசைகளோடு அகில இந்திய வானொலியின் அலைவரிசைகளும் வரிசையாக வருகின்றன. சாஸ்திரிய இசைக்கென்று 2016 ஜனவரி 26-இல் தொடங்கிய ‘ராகம்’ அதில் ஒன்று. சந்தா இல்லை, கரகரப்பு இல்லை. செட்டாப் பாக்ஸின் ஒலி ஒயரை ஆம்ப்ளிஃபயரில் கொடுத்துவிட்டு டிவியை அணைத்துவிடலாம். சந்தா இல்லாத இந்தப் பெட்டியை ‘சீரியல் வராத டிஷ்’ என்று மொட்டை மாடியில் துருப்பிடிக்க விட்டிருப்பவர்கள் ரிமோட்டில் ரேடியோ பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்கட்டும்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டு ரேடியோ செட்டின் குழாய் ஸ்பீக்கரை ஆசைப்பட்டு வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் தொலைவுக்கு அறிவிப்பு எட்டச் செய்யப்பட்டது அது. பத்தடி தூரத்துக்குக் காதைக் கிழிக்கும். ஆறு ஸ்பீக்கர் ‘ஹோம் தியேட்டர்’ செட்டில் ஐந்து டப்பாக்கள் பெரும்பாலும் வெறும் டப்பாக்களே. அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஸ்பீக்கர் ஜோடி வாங்கலாம்.

கடைசியாக டேப் ரிக்கார்டர். எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து வந்த நேஷனல் பானசோனிக் ‘டூ-இன்-ஒன்’ பல வீடுகளில் இன்னும் உடையாமல் இருக்கிறது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட் நல்ல ஒலிக்காகப் பிறந்ததில்லை. திரைப்பாட்டுக் கேட்க அதற்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம்மில் பலர் வீட்டுக்கு வந்த, பதிவு செய்யத் தெரிந்த முதல் சாமான் அது. வெளிநாட்டிலிருந்த மகனுக்கு ஆத்தா பேசி அனுப்பிய கேசட், கொடை விழாவில் யாரோ பிடித்த வில்லுப்பாட்டு, தாத்தா பாடிய தெம்மாங்கு, சாவு வீட்டு ஒப்பாரி: இவை ஒரே ஒரு பிரதியாக, ஓடாத டேப் ரிக்கார்டரோடு ஒரே அட்டைப் பெட்டியில் கிடக்கின்றன. பெட்டியை எடைக்குப் போடும்போது கேசட்டும் சேர்ந்து போய்விடுகிறது.

ஆகவே டேப் ரிக்கார்டரைச் சரிசெய்யப் பணம் செலவழிப்பது தகும். பெரும்பாலும் போயிருப்பது ரப்பர் பெல்ட்தான். தாராக உருகியிருக்கும், வழித்துத் துடைத்துவிட்டுப் புதியது போட வேண்டும். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். ஓட்டுவதற்கு முன் கேசட்டின் வாய்ப்பக்கம் நடுவில் இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்திருந்தால் டேப் ஹெட்டில் ஒட்டாமல் ஒலி அடைத்துப் போகும். வேறொரு கேசட்டின் கூட்டைத் திருகு கழற்றித் திறந்து, சுருளை மட்டும் அதற்குள் மாற்றிக்கொள்ளலாம். கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களை முதலிலேயே உடைத்துவிட்டால் தவறிப்போய் அதன்மேல் வேறொன்று பதிவாகாது. பிறகு ஹெட்போன் துளையிலிருந்து ஒயரைக் கணினிக்குக் கொடுத்து, சத்தத்தைப் பாதியளவில் வைத்து, முழுப் பக்கத்தையும் நடுவில் நிறுத்தாமல் பதிய வேண்டும். இடையில் வரும் நாய்க் குரைப்பையும் தறிச் சத்தத்தையும் வெட்டக் கூடாது. பேசுகிறவர் யார், எந்த வீடு, எந்த வருடம் என்பதை விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரை உட்கார வைத்துக் கேட்டு, அவர் குரலிலேயே கோப்பின் தொடக்கத்தில் சேர்த்துவிடலாம்.